தலை குனிந்து படம் எடுத்தவர்

சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்கு முன்னால் கூரைக்கடியில் ஓடுகிற அஞ்சடி நடைபாதையில் அவர் எதிரே வந்தால், மோதாமல் தாண்டிப் போவது பெரிய வித்தை. நாம் ஒரு பக்கம் ஒதுங்கினால் அவரும் அதே பக்கம் ஒதுங்குவார். மறு பக்கம் மாறினால் அவரும் மாறுவார். கடைசியில் இரண்டு பேரும் இடித்துக்கொண்டு நிற்போம். அவர் வயிற்றின்மேல் தொங்கும் பெட்டி நம் வயிற்றில் குத்தும். "பாத்து லா! உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, இதுக்கு ஆயிடும்" என்று பெட்டியைத் தடவிக்கொடுப்பார்.

அந்தப் பெட்டிதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஜெர்மன் கேமரா. அதன் முகத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண்கள். மேல்கண் நாம் பார்ப்பதற்கு, கீழ்க்கண் படம் பிடிப்பதற்கு. மற்ற கேமராக்களைப்போல முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிற சமாச்சாரம் அதில் இல்லை. வயிற்றோடு அணைத்து, மேல்மூடியைத் திறந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு கண்ணாடியில் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். இந்தப் பக்கம் போகிறவன் அந்தப் பக்கம் போவான். அதிலேயே வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தெருவிலும் பக்கம் மாறிப்போயிற்று என்பது எங்கள் குழுவின் தீர்ப்பு.

'இரட்டைக்கண் பாய்' என்று அவருக்குப் பெயர் வைத்தவன் நான். கேலிக்காக வைத்ததாக எல்லாரும் நினைத்தார்கள். பொறாமையில் வைத்தது. அவருக்கோ அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. அரபு ஸ்ட்ரீட்டில் மாமனாரின் துணிக்கடையை அவர்தான் பார்த்துக்கொண்டார்; கடைக்கு வருகிறவர்களிடம் "என்னைய ரெட்டைக்கண் பாய்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்" என்று தாமே பரப்ப ஆரம்பித்தார். ஒருவரைக் கேலி செய்வதில்கூட நான் அவரிடம் ஜெயித்ததில்லை.

வசதியான மனிதர். வெள்ளைக் கால்சட்டையில் மடிப்பு கலையாமல் வருவார். தலையில் பூசிய கிரீம் வெயிலில் பளபளக்கும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு. பெருமைக்குக் குறைச்சல் கிடையாது, தாம் எடுத்த படத்தைத் தாமே தள்ளிவைத்துப் பார்த்து, "அடேயப்பா, யார் எடுத்தது இது?" என்று கேட்கிற ஆள். அவர் நினைத்தால் ஹை ஸ்ட்ரீட்டில் புதிதாக வந்து இறங்குகிற எந்தக் கேமராவையும் வாங்கலாம். வாங்கவில்லை. போய்ப் பார்க்கக்கூட இல்லை. அதே கம்பெனியே புது மாடல் போட்டபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததே அதனால்தான்.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். பகலெல்லாம் பாடம், சாயங்காலம் டியூஷன், மிச்சம் மீதி உயிர் கேமராவுக்கு. நூலகத்தில் ஆங்கிலப் புகைப்படப் பத்திரிகை வந்தால் முதலில் என் கைக்குத்தான் வரும். எந்த லென்ஸ் எவ்வளவு வெளிச்சம் வாங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கேமராவை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒன்று வாங்கிச் சூடு ஆறுவதற்குள் பத்திரிகையில் இன்னொன்று வந்துவிடும். இருப்பதைத் தள்ளிவிட்டு அதை வாங்குவேன். எல்லாம் ஜப்பான் சரக்கு. கைக்கு அடக்கம், வேகம், லென்ஸைக் கழற்றி மாட்டலாம். இவ்வளவும் வைத்துக்கொண்டு நான் எடுத்த படங்களை யாரும் இரண்டாம் முறை கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஃபலோ ரோட்டுக் கோப்பிக்கடையில் எங்கள் புகைப்படக் குழு கூடும். குழு என்றால் ஏழெட்டுப் பேர், ஒரு பளிங்கு மேசை. படங்கள் மேசையில் சுற்றிவரும், பரோட்டாக் கறி படாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே நடக்கிற சண்டை ஒரே சண்டைதான்: எந்தக் கேமரா உசத்தி?

தபால் நிலையத்தில் வேலை பார்த்த சுப்பையா அண்ணன் ஜப்பான் பொருள் எதையும் தொடமாட்டார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை போடக் கூட்டிக்கொண்டு போன அவருடைய அப்பா திரும்பி வரவில்லை. அவர் வாதம் செய்ததே இல்லை. என் கேமரா மேசையில் இருந்தால் தம் கோப்பியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். அந்தக் காரணத்துக்கு எதிரே நான் வாயைத் திறந்ததில்லை.

ஆனால் பாய்க்கு என்ன காரணம்? அதைத் தெரிந்துகொண்டால் பாதி அவர் ஆகிவிடலாம் என்று எனக்கு ஓர் எண்ணம்.

"பாய், நெசமாச் சொல்லுங்க. ஏன் இந்த ஒரே பிராண்டைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க?"

"சத்தம், வாத்தியாரே. இது தட்டுற சத்தம் தொட்டில்ல தூங்குற புள்ளைக்குக்கூடக் கேக்காது."

அடுத்த வாரம் வேறொருவரிடம், "ஜெர்மன் கண்ணாடி லா. வைரம் மாதிரி" என்றார். அதற்கடுத்த வாரம் மச்சான் சீதனமாகக் கொடுத்தது என்றார். இன்னொரு நாள், தோல் உறையின் வாசனை பிடிக்கும் என்றார். சுப்பையா அண்ணன் சிரித்துக்கொண்டே, "விடு தம்பி. அவருக்கே தெரியாது" என்றார். பாய், "தெரிஞ்சா வாத்தியார் மொதல் ஆளா வாங்கிடுவாரே!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். நான் வாங்கக் காத்திருந்தது உண்மைதான் என்பதால் எனக்குக் காது சுட்டது.

ஒருநாள் அவரை மடக்க வழி கிடைத்தது. ஜப்பான் கம்பெனி ஒன்று அதே இரட்டைக்கண் பெட்டியை அச்சு அசலாகக் காப்பியடித்து இறக்கியிருந்தது. நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கி, முகப்பில் இருந்த பெயரின்மேல் கறுப்பு டேப் ஒட்டி, "பாய், இது உங்க கம்பெனி புது மாடல். ஒரு தடவை பாருங்களேன்" என்று நீட்டினேன். அன்று என்ன நல்ல மனநிலையோ, வாங்கிக்கொண்டார். கோப்பிக்கடைக்காரரை எடுத்தார், பூக்கட்டுகிற அம்மாவை எடுத்தார், எருமை மாடு ஒன்றைக்கூட எடுத்தார். "நல்லாத்தான் இருக்கு. எல்லாம் வைக்கவேண்டிய எடத்துல வச்சிருக்கான்" என்றார்.

நான் எல்லாருக்கும் முன்னால் டேப்பை உரித்தேன்.

பாய் பெயரைப் படித்தார். பிறகு அடுத்தவர் வீட்டுக் குழந்தையைத் தெரியாமல் தூக்கிவிட்டவர்போல மெதுவாக அதை மேசைமேல் வைத்தார்.

"அப்ப பிராண்டுல ஒண்ணுமே இல்லைன்னு ஆகுதில்ல பாய்?" என்றேன். என் குரல் ஏறியிருந்தது.

"இருக்குன்னு நான் எப்ப வாத்தியாரே சொன்னேன்?" என்றார். தம் பழைய பெட்டியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நல்ல கேமராதான். ஆனா இது என்னோடது இல்ல லா."

மேசையே சிரித்தது. டேப் என் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

அவரை உண்மையாகவே தோற்கடித்தது ஒருமுறைதான். ஃபாரர் பார்க் திடலில் பந்தாட்டம். என் கேமராவை அவர் கையில் திணித்து, ஆட்டத்தை எடுக்கச் சொன்னேன். பந்து ஒரு பக்கம் ஓடினால் பாய் கேமராவை மறு பக்கம் திருப்பினார். பழகிய கை அது, நேராகக் காட்டுகிற கேமராவிலும் பக்கம் மாறியே ஓடிற்று. ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் ஒரு படத்திலும் பந்து இல்லை. கொடிக்கம்பம், கோட்டருகே ஓடுகிறவரின் ஒற்றைக் கால், கச்சான் கடலை விற்கிறவரின் முதுகு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். படங்களை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆனால் நான் பிரிப்பதற்குள் பாய் பிடுங்கி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "பாருங்க, உலகத்துலேயே பந்து இல்லாத பந்தாட்டம்!" என்று வர்ணனை செய்ய ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துச் சுப்பையா அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோற்பதையும் அவர் என்னைவிட நன்றாகச் செய்தார். அப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது?

இதுவரை சொன்னதெல்லாம் விளையாட்டுப் பொறாமை. அடுத்தது வேறு மாதிரி.

எனக்குப் பேசி முடித்திருந்த பெண் வசந்தா. என்னோடு பயிற்சிக்கு வந்தவள்தான். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வீடு. வகுப்பில் அவள் சிரித்தால் வராந்தா வரைக்கும் கேட்கும். அந்தச் சிரிப்பை ஒரு படத்தில் பிடித்துவிட வேண்டும் என்று நானும் எத்தனையோ ஃபிலிம் தீர்த்துவிட்டேன். தாவரப் பூங்காவில், கோயில் வாசலில், அவள் வீட்டு மாடிப்படியில். எல்லாப் படத்திலும் அவள் அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரியே நின்றாள்.

"கொஞ்சம் சிரி, வசந்தா."

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இவ்ளோ பல்லு வேணாம்."

"அப்புறம் எதாலதான் சிரிக்கிறதாம்?"

சொல்லும்போது சிரிப்பாள். கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினால் போய்விடும்.

குழுவோடு ஒரு விடுமுறை நாளில் சாங்கி கடற்கரைக்குப் போனோம். வசந்தாவும் அவள் அக்காவும் வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் பாய் அவளிடம் போனார். மூடியைத் திறந்தார், தலையைக் குனிந்தார்.

"தங்கச்சி, நான் வலது பக்கம் போகச் சொன்னா எந்தப் பக்கம் போவீங்க?"

"வலது பக்கம்."

"அங்கதான் தப்பு பண்றீங்க."

சிரித்தாள். என்ன சிரிப்பு! கடற்காற்றில் பின்னல் முன்னால் வந்து விழ, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, வராந்தா வரைக்கும் கேட்கிற அதே சிரிப்பு. கேமரா தட்டிய சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் கையில் லென்ஸோடு மணலில் உட்கார்ந்திருந்தேன்.

படம் வந்தது. குழுவில் எல்லாரும் அதை இரண்டாம் முறை, மூன்றாம் முறை கையில் வாங்கிப் பார்த்தார்கள். பாய் தள்ளிவைத்துப் பார்த்து, "அடேயப்பா, யார் எடுத்தது இது?" என்றார். எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். அதை நான் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். நாள் தவறாமல் பார்ப்பேன். பார்க்கிறபோதெல்லாம் வயிறு எரியும். என் வருங்கால மனைவியின் அழகான படம் என்னிடம் இருக்கிறது, அதில் அவள் பார்த்துச் சிரிப்பது இன்னொருவரை.

அவர் சொன்ன அதே வாக்கியத்தை அடுத்த வாரம் அவளிடம் நானும் சொல்லிப் பார்த்தேன், வார்த்தை பிசகாமல். "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் கேட்டே விட்டேன். "அவர் எடுத்தா மட்டும் எப்படிச் சிரிப்பு வருது உனக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவரு தலையைக் குனிஞ்சுக்கிறாருல்ல. யாரும் பாக்காத மாதிரி இருக்கு. நீங்க கேமராவத் தூக்கினதும் உங்க மூஞ்சியே காணாமப் போயிடுது. ஒரு கறுப்புப் பொட்டியப் பாத்து நான் எப்படிங்க சிரிக்கிறது?"

இதுதான் காரணம். பாய் சொன்ன காரணங்கள் எதுவும் அல்ல. அவருக்கே தெரியாத காரணத்தை, கேமராவைத் தொட்டே பார்க்காத அவள் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் அவரை எவ்வளவு கவனித்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் இது பெரிதாகிவிட்டது. குழுவில் புத்தம் புது ஜப்பான் கேமரா வைத்திருந்த நண்பனைப் படமெடுக்கச் சொல்லியிருந்தேன்.

"பாய்தானே எடுப்பாரு?" என்றாள் வசந்தா.

"அவருக்கு வயசாச்சு."

"உங்களவிட அஞ்சாறு வயசு கூட இருக்குமா? என்ன பேசுறீங்க!"

"அந்த நண்பன் கேமராவுல ஃபிளாஷ் எல்லாம்..."

"இங்க பாருங்க. கல்யாணப் படம் ஒரு தடவைதான். உங்க ஃபிரெண்டு எடுத்தா காலம் பூரா நான் சுவத்துல அடையாள அட்டையாட்டம் தொங்குவேன். எனக்குப் பாய் எடுக்கணும்." என்னை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கு ஏன் அவரப் புடிக்கல?"

"புடிக்கலன்னு யார் சொன்னா?"

"அப்ப சரி. கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். வேறு வழி? பாய் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தலை மின்ன, கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தார். தாலி கட்டி முடிந்து எல்லாரையும் வரிசையாக நிறுத்தியதும் கூத்து ஆரம்பித்தது. குனிந்தபடியே பாய், "மாப்பிள்ளை, கொஞ்சம் வலது பக்கம்" என்றார். அவர் வலது என்றால் இடது என்று பொருள். அவரோடு பழகிய எங்கள் குழுவுக்கு அது மனப்பாடம். உறவுக்காரர்களுக்குத் தெரியுமா? ஒரு பாதிப் பேர் சொன்ன பக்கம் நகர்ந்தார்கள், மறு பாதி எதிர்ப் பக்கம் நகர்ந்தார்கள். என் மாமா, பக்கத்தில் நின்ற சுப்பையா அண்ணனின் காலை மிதித்தார். நான் விவரம் தெரிந்தவனாக இடது பக்கம் போக, விவரம் தெரிந்தும் வேண்டுமென்றே அவர் சொன்ன பக்கம் வசந்தா வர, இரண்டு பேரின் தலையும் டங்கென்று மோதிக்கொண்டன. அவள் சிரித்தாள். பாய் தட்டிவிட்டார்.

அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வசந்தா மாலையும் கழுத்துமாகச் சிரிக்கிறாள். பக்கத்தில் நெற்றியைத் தடவிக்கொண்டு ஒருவன் நேராகக் கேமராவை முறைக்கிறான். மாப்பிள்ளை மாதிரியே இல்லை, கடன்காரனைத் தேடி வந்தவன் மாதிரி இருக்கிறான்.

கொஞ்ச காலத்தில் மாமனாரின் பினாங்குக் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பாய் குடும்பத்தோடு அங்கே போவதாயிற்று. கிளம்புவதற்கு முந்தின வாரம் அரபு ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். வழியனுப்ப என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். கேட்கப் போனது வேறு.

துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பெட்டி.

"பாய், அத எனக்குக் குடுத்துட்டுப் போங்களேன். பினாங்குல அதே கம்பெனி புதுசு கிடைக்கும். நீங்க கேக்குறதக் குடுத்துடுறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாத்தியாரே, உங்க மூக்குக்கண்ணாடியக் கழட்டிக் குடுங்கன்னு நான் கேட்டா குடுப்பீங்களா?"

"அது பவர் வச்சது. உங்களுக்குச் சேராது."

"அதேதான்." கோப்பி வரவழைத்தார். பிறகு, கிளாஸைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "உங்களப் பாத்தா எனக்குப் பொறாமை லா. நெசமாத்தான். எந்தக் கேமராவ எடுத்தாலும் உங்க கைக்கு வந்துடுது. படிக்கிறீங்க, மாத்துறீங்க, புதுசு புதுசா ஓடுறீங்க. எனக்கு இத விட்டா வேற எதுலயும் பந்து அகப்படாது. ஃபாரர் பார்க்ல பாத்தீங்கள்ல? அன்னிக்கு வீட்டுக்குப் போயிச் சோறு எறங்கல."

மேசையே அதிரச் சிரித்த மனிதர் இவர். உண்மையைச் சொல்கிறாரா, கேமரா தர மறுத்ததற்கு ஆறுதல் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் பெட்டியின் மூடியைத் திறந்து குனிந்துவிட்டார். என் வயிற்றுக்கு நேரே இரண்டு கண்கள். "கொஞ்சம் இடது பக்கம் நகருங்க வாத்தியாரே." பழக்கத்தில் வலது பக்கம் நகர்ந்தேன். தட்டினார். அந்தப் படம் எனக்கு வந்து சேரவில்லை. அதில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பொறாமையை வாய்விட்டுச் சொல்வதிலும் அவர் முந்திக்கொண்டார். நான் அந்த வார்த்தையை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

போன வருஷம் எங்களுக்குக் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. குடிபோன சில வாரத்தில் ஒரு பழைய கேமராக் கடையில் அதைப் பார்த்தேன். அவருடையது இல்லை. ஆனால் அதே கம்பெனி, அதே இரட்டைக்கண், அதே தோல் உறை. முகர்ந்து பார்த்தேன், அவர் சொன்ன வாசனை இருந்தது. வைத்திருந்த ஜப்பான் கேமராவையும் லென்ஸ்களையும் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை. வசந்தா சன்னலில் நின்று துணிகளை மூங்கில் கழியில் கோத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் வாரை மாட்டி, மூடியைத் திறந்து, தலையைக் குனிந்தேன். அந்தச் சின்னக் கண்ணாடியில் அவள் இருந்தாள். அவள் ஒரு பக்கம் நகர, நான் மறு பக்கம் திருப்பினேன். தொலைந்துபோனாள். திரும்பத் தேடிப் பிடித்தேன். அவர் எத்தனை வருஷம் இப்படிப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

"இது என்னங்க, புதுசா?"

"பழசு. கொஞ்சம் வலது பக்கம் நகரேன்."

அவள் நிமிர்ந்து, நான் நிற்கிற கோலத்தைப் பார்த்தாள். கொஞ்சமும் யோசிக்காமல் இடது பக்கம் நகர்ந்தாள். சிரித்தாள். சாங்கிச் சிரிப்பு. ஈரத்துணியைப் பிடித்த கையோடு, தலையைச் சாய்த்து, மாடிப்படி வரைக்கும் கேட்கிற சிரிப்பு. என் வாழ்நாளில் முதல்தடவையாக அது என் கேமராவுக்குள் விழுந்தது. தட்டினேன்.

தலை நிமிர்ந்து, "எதுக்குச் சிரிச்ச?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஒண்ணுமில்ல. நீங்க அப்படி நின்னதும் பாய் ஞாபகம் வந்துடுச்சு."

அந்தப் படமும் இப்போது கூடத்தில் இருக்கிறது, கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில். நான் எடுத்ததிலேயே நல்ல படம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்றுவிடுகிறார்கள். "யார் எடுத்தது?" என்று கேட்கிறார்கள். "இவருதான்" என்று வசந்தா பெருமையாகச் சொல்கிறாள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.